முதல் கிளாஸில் மணக்கும் பரங்கிக்காய் பீர் ஏன் சீக்கிரமே திகட்டுகிறது?

அமெரிக்காவில் இலையுதிர் காலம் நெருங்கினால் பரங்கிக்காய் பீர் கடைக்கு வந்துவிடும். 1980களில் கலிஃபோர்னியாவின் ஹேவர்டு நகரிலிருந்த பஃபலோ பில்ஸ் என்ற சிறு மதுவடிப்பகம் இதற்குப் புத்துயிர் கொடுத்தது. ஆசையாக வாங்கியவர்களே சில வாரங்களில் "போதும்" என்கிறார்கள். ஏன்?

அந்த பீரில் தூக்கலாக இருப்பது பரங்கிக்காயா? இல்லை. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி ஆகியவற்றின் மணம்தான். காயின் சுவை மிக மென்மையானது.

குடிக்கும்போது இந்த மணம் தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறுகிறது. அங்கே என்ன நடக்கிறது?

பக்கத்து வீட்டுத் தாளிப்பு உங்கள் மூக்கைத் துளைக்கும். ஆனால், அடுப்படியில் நிற்பவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. தொடர்ந்து வரும் மணத்துக்கு மூக்கும் மூளையும் பழகிவிடுகின்றன. மூன்றாவது கிளாஸிலும் இதே கதைதான்.

அடுத்தது, மூளையின் கணக்கு. ஒரே சுவை தொடர்ந்து வந்தால், அதன் மீதான ஆசை குறைகிறது. மற்றச் சுவைகள் மீதான ஆசை அவ்வளவாகக் குறைவதில்லை. பார்பரா ரோல்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1981இல் இதை விளக்கினார்கள். பாயசம் திகட்டிய பிறகும் கை அப்பளத்தைத் தேடுவது இதனால்தான்.

தூக்கலான சுவை சீக்கிரம் அலுக்கும். சாதம் போன்ற மென்சுவை அவ்வளவு சீக்கிரம் அலுப்பதில்லை.

மருந்து எளிது: இடைவெளி. பல மாதங்கள் கழித்து வருவதால்தான் அந்த முதல் மடக்கு அவ்வளவு ருசிக்கிறது. உங்களுக்குப் பிடித்த பருவகாலப் பண்டத்தையும் அதன் பருவத்துக்கே விட்டுவையுங்கள்.