உங்களுக்குத் தெரியுமா? கீழ்புத்துப்பட்டின் மழைக்கும் ஒரு கட்டம் உண்டு!

கீழ்புத்துப்பட்டில் வெயில் காயும். சற்றுத் தள்ளி மரக்காணம் உப்பளத்தில் கோடை மழை கொட்டும். பாத்தியில் விளைந்து, வாரும் பக்குவத்தில் இருந்த உப்பு கண்ணெதிரே கரைந்துபோகும். இந்த மழை வானிலைத் துறையின் கணக்கில் வருமா?

நாடெங்கும் மழைமானிகள் ஒரே சீராக இல்லை. ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் வெறுமை. அவற்றின் பதிவுகளைச் சீராக்க, இந்திய வானிலைத் துறை நாட்டைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. 2006-இல் 1,803 நிலையங்களைக் கொண்டு 1 பாகை அகலக் கட்டங்கள் வந்தன. அடுத்து 2014-இல் 6,955 நிலையங்களின் பதிவுகளோடு கால் பாகைக் கட்டங்கள். நம் கடற்கரையில் முதலாவது ஏறத்தாழ 109 கி.மீ. அகலம், இரண்டாவது 27 கி.மீ. அருகிலுள்ள மானிக்கு அதிக மதிப்பும் தொலைவிலுள்ளதற்குக் குறைந்த மதிப்பும் தந்து கட்டத்தின் மழையைக் கணிக்கிறார்கள்.

உலகம் உருண்டை என்பதால் ஒரு சிக்கலும் உண்டு: 60-ஆம் அட்சரேகையில் அதே 1 பாகைக் கட்டத்தின் அகலம் 56 கி.மீ.தான். உலக வானிலை அமைப்போ தன் அடிப்படைக் கண்காணிப்பு வலையமைப்புக்குக் கிலோமீட்டரையே அளவாக வைத்தது: தரைநிலையங்களுக்கிடையே அதிகபட்சம் 200 கி.மீ.

27 கி.மீ. கட்டமும் உப்பளத்துக்குப் பெரிதுதான். ஒரு பாத்தியைக் கரைக்கும் மழை அந்தக் கட்டத்தின் சராசரியில் காணாமல் போய்விடும். மழையை வைத்து உப்பளத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கணக்கிடுவதானால், பக்கத்திலேயே ஒரு மழைமானி இருப்பது அவசியம்.

கட்டவாரியான மழைத் தரவைப் புனே வானிலை அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பெறலாம். உங்கள் ஊர் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பாருங்கள்.