எது பொக்கிஷம்? – 9: பசுமலைப் பந்தி

ஒரு மனிதருக்கு எது பொக்கிஷம் என்பது, எதை விடச் சொன்னால் அவர் முகம் மாறுகிறது என்பதில் தெரிந்துவிடும். கிறிஸ்தவ வேதத்தில் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம், இயேசுவைத் தேடி வந்த பணக்கார இளைஞன். சிறுவயது முதல் கட்டளைகளை எல்லாம் கைக்கொண்டவன். நித்திய வாழ்வுக்கு இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னதும் துக்கத்தோடு திரும்பிப் போனான். அதுவரை அவன் பொய் சொல்லவில்லை. தன் பொக்கிஷம் எது என்பது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். பொக்கிஷம் இருக்கும் இடத்தில்தான் இருதயமும் இருக்கும் என்ற மலைப்பிரசங்கப் போதனையையும் இந்த இளைஞனை மனதில் வைத்துப் படிப்பதே சரி.

இந்தச் சோதனையை ஒரு முறையாக வகுத்தவர் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556). 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்ற அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’, முப்பது நாள் தியானத்துக்கான கையேடு. தமிழ்க் கத்தோலிக்கர் ‘தேர்ந்து தெளிதல்’ என்று சொல்லும் பழக்கத்துக்கு அடிப்படை நூல் அதுவே. அதில் மூவகை மனிதரைப் பற்றி ஒரு தியானம் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் பத்தாயிரம் பொற்காசு இருக்கிறது. திருடியதல்ல. ஆனால் கடவுளை மட்டும் எண்ணிச் சேர்த்ததும் அல்ல. அந்தப் பற்று மனதை அழுத்துகிறது. முதல் வகையார், அதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சாகும்வரை ஒன்றும் செய்வதில்லை. மூன்றாம் வகையார், வைத்திருப்பதா விடுவதா என்பதைக் கடவுளின் சித்தத்துக்கே விட்டுவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியவர்கள் நடுவில் இருப்பவர்கள். பற்றை விட அவர்களுக்கும் சம்மதம்தான், காசு மட்டும் கையைவிட்டுப் போகக் கூடாது. தாம் போக நினைக்கும் இடத்துக்கே கடவுளும் வந்து சேர வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. பக்தர்களில் பெரும்பாலோர் இந்த நடுவகையினர் என்று சொன்னால் மிகையாகாது.

இந்தப் பயிற்சியில் ஊறிய ஒருவர் 1606 நவம்பரில் மதுரைக்கு வந்து சேர்ந்தார். இத்தாலியப் பிரபுக் குடும்பத்தில் 1577-இல் பிறந்த ராபர்ட் தெ நொபிலி அவர். போர்த்துகீசிய இயேசு சபைக் குரு கொன்சாலோ பெர்னாண்டஸ் 1595 முதலே மதுரையில் இருந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டாரே தவிர, மதுரைக்காரர் எவரும் அவரிடம் மனம் திரும்பவில்லை. பரங்கியர் மார்க்கம் என்ற பெயர் அந்த மதத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. நொபிலி கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தார். மாட்டிறைச்சியும் மதுவும் போயின. ஒருவேளை மரக்கறிச் சோறு. தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்று, தத்துவபோதகர் என்று பெயர் பெற்றார். பழக்கம், உணவு, உறவு, நாடு என்று அவர் விட்டவை ஏராளம். கடைசிக் காலத்தில் கண்பார்வை மங்கி, 1656-இல் மயிலாப்பூரில் இறந்தார்.

ஆனால் தான் விட்டதைப் போல் விடும்படி மற்றவர்களிடம் அவர் கேட்கவில்லை. பூணூலும் குடுமியும் குல அடையாளங்கள், அவற்றுக்குச் சமயப் பொருள் இல்லை என்பது அவர் வாதம். 1619-இல் கோவாவில் கூடிய மாநாட்டில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அந்த வாதத்தை ஏற்று அனுமதி கொடுத்தார். உயர்சாதியாரிடையே பணிபுரிய ஒரு வகைக் குருக்கள், தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று பிறகு மதுரை மிஷன் இரண்டாகப் பிரிந்ததும் இந்த வாதத்தின் நீட்சிதான். சாதி என்ற பொற்காசு அப்படியே பத்திரமாக இருந்தது. அதன்மேல் பற்று உண்டா இல்லையா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர்கள் இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு வந்த அமெரிக்கர்கள். கேட்ட இடம் பசுமலை. மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் சாலையில், முருகனின் முதல் படைவீடான குன்றுக்குச் சற்று முன்னால் நிற்கும் சிறு மலை அது. திருவிளையாடற் புராணத்தின் மாயப் பசு நந்தியிடம் தோற்று மலையாய்க் கிடக்கும் இடம் என்பது ஊர்க் கதை. யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், திருமங்கலத்தில் 1842-இல் தொடங்கிய தன் செமினரியை 1845-இல் இங்கே மாற்றியது. உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்கும் கூடமாக அது இருந்தது. பின்னாளில் அமெரிக்கன் கல்லூரி 1881-இல் பிறந்ததும் இந்த மலையடிவாரத்தில்தான்.

1847-இல் மிஷன் ஒரு முடிவுக்கு வந்தது. சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, யார் சமைத்தாலும் சாப்பிட வேண்டும். மறுப்பவருக்குத் திருவிருந்து கிடையாது. அன்பின் விருந்து என்று பெயர் கொண்ட அந்தச் சாப்பாடு உண்மையில் ஒரு பரீட்சை.

அது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பது அடுப்படி வழக்கம் தெரிந்தவர்களுக்குப் புரியும். அரிசியை யாரிடமும் வாங்கலாம். நெல், பருப்பு, தேங்காய், உரிக்காத வாழைப்பழம், எதற்கும் தடையில்லை. அரிசியில் தண்ணீர் பட்டு அடுப்பில் ஏறி அது சோறான பிறகுதான் சட்டம் மாறும். யார் கைத் தண்ணீர், யார் வீட்டுப் பானை, யார் அகப்பை, யார் பக்கத்தில் இலை என்ற கேள்விகள் எல்லாம் அப்போதுதான் எழும். ஒருவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேதம் படிக்கலாம், ஒரே கோயிலில் முழங்கால் போடலாம். சாதி அதனால் போய்விடாது. அவர் வடித்த சோற்றை உண்டால் போயிற்று. அப்படி உண்டவன் வீட்டில் பிறகு யார் பெண் எடுப்பார்கள், இழவு விழுந்தால் யார் வந்து நிற்பார்கள் என்பதுதான் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தவரின் பயம். அதை வெறும் அகந்தை என்று ஒதுக்குவது எளிது, நியாயம் ஆகாது.

எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பந்தியை மறுத்துத் திருவிருந்திலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மிஷனிடம் சம்பளம் வாங்கிய உபதேசியார்கள். செமினரி மாணவர் பலரும் வெளியேறினர். சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று தமிழ்நாட்டுக் கிறிஸ்தவரை ஏளனம் செய்வது பழைய வழக்கம். பசுமலையில் நடந்தது அதற்கு நேர் எதிரானது. சோற்றை மறுத்துத்தான் அவர்கள் வெளியே போனார்கள். மாதச் சம்பளம், படிப்பு, மரியாதையான வேலை எல்லாவற்றையும் விடத் தயாராக இருந்த அவர்களால் ஒன்றை மட்டும் விட முடியவில்லை. பணம் அவர்கள் பொக்கிஷமாக இருக்கவில்லை என்பதையும் அந்தப் பந்திதான் காட்டியது.

இது பசுமலைக்கு மட்டும் உரிய கதை அல்ல. ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதியைச் சபையில் அனுமதிக்கலாகாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சபைகள் உடைந்தன. இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சாதி வழக்கத்துக்காக எழுதி வாதாடியவர். அவர் பக்தி போலியென்று எவரும் சொல்ல முடியாது. ஒரே நெஞ்சில் இரண்டு பொக்கிஷம் இருக்க முடியும், அதில் ஒன்று நெடுங்காலம் கண்ணில் படாமலே இருக்கும் என்பதற்கு அவரைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, லைப்சிக் லுத்தரன் மிஷன் நீங்கலாக, பசுமலையின் வழியையே பொது விதியாக்கியது.

பரீட்சை வைத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பசுமலைக்குச் செமினரி வந்த அதே 1845-இல், அதே மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். காரணம் அற்பமானது அல்ல. மதுரைச் சமவெளியில் காய்ச்சலும் காலராவும் அவர்களில் பலரைக் கொண்டுபோயிருந்தன. என்றாலும் பங்களா, சமையற்காரர், கோடைக்கு மலை என்ற வாழ்க்கை எவ்விதப் பந்திப் பரீட்சைக்கும் உட்படவில்லை. மற்றவரின் பொக்கிஷத்தைக் கண்டுபிடிப்பது எப்போதும் சுலபம்.

அந்தப் பரீட்சையைத் தமக்கே வைத்துக்கொண்டவர் அதே மிஷனில் 1925-இல் வந்து சேர்ந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். காந்தியின் கடிதத்தை 1930-இல் வைசிராய் இர்வினிடம் கொண்டுசேர்த்த ஆங்கிலேயர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். அரசாங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார், 1940-களில் மீண்டும் வெளியேற்றப்பட்டார், சுதந்திரத்துக்குப் பின் மறுபடி வந்தார். கதர் உடுத்து, காந்திகிராமத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் சர்வோதயப் பணியில் இருந்து 1984-இல் மறைந்தார். அவர் இழந்தவற்றில் பெரியது பங்களா அல்ல, ஆளும் இனத்தின் பாதுகாப்பு. அதுதான் தம்மிடம் இருந்த பொற்காசு என்று அடையாளம் கண்டதில் அவருடைய தெளிவு இருக்கிறது.

சாதாரணச் சபையாருக்கு இப்படிப்பட்ட கட்டங்கள் அடிக்கடி வருவதில்லை. அவர்களுக்கு உரிய சிறு பயிற்சி பிடியரிசி. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்திலோ டப்பாவிலோ போட்டு வைப்பார்கள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். சம்பளத்தில் தசமபாகம் எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தசமபாகம் மாதம் ஒருமுறை, பெரும்பாலும் வீட்டுத் தலைவர் கையால் போவது. பிடியரிசியைத் தினமும் எடுப்பது சமைக்கும் பெண். அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி குறையக் கூடாது என்பதில் அவள் தினமும் ஒரு முடிவு எடுக்கிறாள். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு சுட்டிக்காட்டியதைத் தமிழ்ச் சபைகள் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டது வேறெங்கும் இல்லை.

அறுப்பின் பண்டிகை வேறு மாதிரி. முதல் காய்ப்புப் பப்பாளி, வாழைத்தார், சேவல், உப்புப் பொட்டலம் எல்லாம் பீடத்துக்கு வந்து, ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்குப் போகும். ஐம்பது ரூபாய்ப் பூசணி ஆயிரத்தைத் தாண்டும். பணம் சபைக்குத்தானே, நல்லதுதான். ஆனால் போன வருடம் இன்னார் கேட்ட தொகைக்கு மேலே கேட்க வேண்டும் என்ற வேகத்தில் உயரும் தொகை எந்தக் கணக்கில் சேரும் என்பது ஏலம் கேட்பவருக்குத்தான் தெரியும். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர் எழுதும் வழக்கத்தை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1847-இன் கேள்வி இன்னும் தீர்ந்துவிடவில்லை. கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரங்களில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்த சுவர் பல பத்தாண்டுகளாகப் போராட்டத்துக்கு உரியதாக இருந்துவருகிறது. விழுப்புரம் பகுதியின் எறையூரில் 2008 மார்ச்சில் ஒரே பங்கைச் சேர்ந்த இரு சாதியாருக்குள் மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர்.

இதற்குப் பசுமலையிலிருந்து சில மைல் தொலைவில், மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஒரு பதில் உருவானது. அங்கே ஆசிரியராக இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றியவர். அவர் முன்வைத்தது ‘ஒரு உலை’ என்ற கருத்து. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது அதன் கடைசிப் பகுதி மட்டுமே. ஒரே அடுப்பில் எல்லாருக்கும் உலை வைக்க வேண்டுமானால் அதற்கு முன்பே அரிசி ஒன்றாகச் சேர வேண்டும். அதாவது கூலியும் சம்பளமும் விளைச்சலும் ஒரே பானைக்கு வர வேண்டும். அதிகம் சம்பாதிப்பவர் அதிகம் போடுவார், எல்லாரும் பசிக்குத் தக்கபடி எடுப்பார்கள். சமைக்கும் வேலை ஒரு சாதிக்கோ பெண்களுக்கோ மட்டும் உரியதாக இருக்காது. திருவிருந்தில் பிட்கப்படும் அப்பத்தை அவர் இந்த உலையோடு சேர்த்தே பார்த்தார். 1847-இன் பந்தி சாதியை மட்டும் விடச் சொன்னது, அதுவும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு. பரட்டையின் உலையில் சாதியோடு சம்பளக் கவரும் வீட்டு அடுப்பும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அவருடைய பாடல்களைப் பல சபைகள் விரும்பிப் பாடுகின்றன. உலை வைத்தவர்கள் குறைவு.