மோப்பம் பிடிக்கும் மீட்டர்!

பழைய கார்புரேட்டர் மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலைதான்: பெட்ரோல் எங்கே சார் போகுது? மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டு, ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகி, 'ஓ.கே. சார்' என்பார். நான் புகைக்குழாயில், இன்ஜினை ஒட்டி, ஒரு நட்டு வெல்டிங் வைத்து ஆக்ஸிஜன் சென்ஸர் மாட்டிவிட்டேன். 1976-ல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்த சமாச்சாரம். புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை மோப்பம் பிடித்து வோல்ட்டாகச் சொல்லும்.

சுமார் 300 டிகிரி சூடேறும்வரை அது வாயே திறக்காது. அப்புறம் டிஜிட்டல் மல்டிமீட்டரில் 0.8, 0.9 வந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. 0.1, 0.2 என்றால் காற்று ஜாஸ்தி. 0.45 பக்கம் வந்தால் எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். ஆனால் எண் அங்கே நிற்காது, தாவும். ஜாஸ்தியா கம்மியா என்பதைச் சொல்லும். எவ்வளவு என்று கேட்டால் முழிக்கும்.

ஐடிலிங் ஸ்க்ரூவின் அதிகாரம் வண்டி நிற்கும்போதுதான். ஓட்டத்தில் ஜெட்தான் எஜமான். மைலேஜ் ஆசையில் சின்ன ஜெட் போட்டு, 0.1-லேயே மேடு ஏறினால் வால்வு கருகும். மிச்சம் பிடித்த காசு ஹெட் வேலைக்கே போயிடும். முழு ஆக்ஸிலரேட்டரில் 0.8-க்கு மேல் இருக்கணும். மீட்டர் பார்க்க மச்சானைப் பக்கத்தில் உட்கார வையுங்க.

மூடின ஷெட்டில் மட்டும் இந்த வேலை வேண்டாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.