எம்பெருமானார் ஊன்றிய தோள்

பூதபுரி என்று போற்றப்படும் ஸ்ரீபெரும்புதூர், 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீராமாநுஜர் திருவவதாரம் செய்த தலம். நூற்றிருபது ஆண்டுகள் அவர் இப்புவியில் எழுந்தருளியிருந்தார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. திருவரங்கத்தில் காவிரிக்கு நீராடச் செல்லுங்கால் அந்தணச் சீடரின் தோளைப் பற்றிச் செல்வார். நீராடித் திரும்புங்காலோ, மல்லராயிருந்து அடியாரான பிள்ளை உறங்காவில்லி தாசரின் தோளில் கை வைத்து வருவார். நீராடிய பின் இவ்வாறு செய்யலாமோ என்று சிலர் முணுமுணுத்தனர். குலச்செருக்கு அற்ற அடியாரின் தீண்டலே தமக்குத் தூய்மை என்ற கருத்துப்பட உடையவர் விடையளித்ததாகப் பெரியோர் கூறுவர்.

இதனை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. அதே ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பிள்ளைகள் இரவு ஷிப்டுக்குச் சென்றுவிட, பெற்றோரைக் கவனிக்கச் செவிலியரோ உதவிப் பெண்ணோ அமர்த்தப்படுகின்றனர். ஆனால் நீராடிய பின் ‘மடி’ என்று கூறி அவர்களை அருகில் விடாத பெரியோர் பலர். ஈர உடையுடன், ஈரத் தரையில், பூஜை அறைக்குத் தனியே நடக்கின்றனர். விளக்கெண்ணெய் சிந்திய இடமும் அங்கேதான் இருக்கும்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததனால் உயிரிழக்கின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; அவர்களில் அறுபதைக் கடந்தோரே மிகுதி. இடுப்பெலும்பு முறிந்து நெடுநாள் படுத்தால் படுக்கைப்புண்ணும் நுரையீரல் தொற்றும் நெருங்குகின்றன. முறிவு ஏற்படாவிடினும் அச்சம் பற்றிக்கொள்கிறது. அஞ்சி நடவாதிருக்கக் கால் தசைகள் தளர்கின்றன. அத்தளர்ச்சியே அடுத்த வீழ்ச்சிக்கு வழி.

படுக்கையிலிருந்து திடீரென எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுவதுண்டு. இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை உண்போர்க்கும், நீரும் அருந்தாது ஏகாதசி இருப்போர்க்கும் இது மிகுதி. கட்டில் விளிம்பில் பாதங்களைத் தரையில் ஊன்றி ஓரிரு நிமிடம் அமர்ந்த பின் எழுக. கால் தரையில் பதியாத உயரக் கட்டில் ஆகாது. கழிவறையில் சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பி உடலின் பாரத்தைத் தாங்காது. சாஷ்டாங்கமாக வீழ்ந்து எழ இயலாதவர் நின்றபடி கைகூப்பினால் எம்பெருமான் குறையாகக் கொள்வானா என்ன?

உதவுவோர் முதியவரின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பலாகாது; தளர்ந்த பக்கம் நின்று, முதுகையும் இடுப்பையும் அணைத்துத் தாங்க வேண்டும். உடையவர் ஏந்திய திரிதண்டம் துறவின் சின்னமே அன்றி ஊன்றுகோல் அன்று. ஆயினும் அத்திருக்கோலத்தை நாள்தோறும் சேவிக்கும் நாம் கைத்தடிக்கு நாணுவது வியப்பே.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட இயலாதோர்க்கு இயன்முறைச் சிகிச்சை இல்லத்திலேயே அளிக்கப்படுகிறது. கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சிகளை அப்போது கேட்டறியலாம். முதியோர்க்கான உதவித் தொலைபேசி எண் 14567.