வளைந்து கொடுக்கும் பம்பர்

நம் மத்திகிரி இரண்டு உலகங்களுக்கு நடுவே அமைந்த ஊர். ஒரு புறம் பழமையான கால்நடைப் பண்ணை. மறு புறம் ஓசூர்த் தொழிற்பேட்டை. 1980-ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலையும், டி.வி.எஸ். 50 மொபெட்டும் ஓசூருக்கு வந்தபின், இங்குள்ள பல குடும்பங்களின் வாழ்வு வண்டிகளோடு பிணைந்துவிட்டது. ஆகவே, ஒரு காரின் பம்பரைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுதுவது பொருந்தும் என நம்புகிறோம்.

நம் கன்னியர் இல்லத்தின் பழைய மாருதி 800 காரை அனைவரும் அறிவீர்கள். மழை நாளொன்றில் அது வாயிற் தூணில் இடித்து, முன் பம்பர் ஒரு சாண் நீளத்திற்குக் கிழிந்தது. ஒரு பட்டறையில் பட்டி பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்கப் புதிது போலவே இருந்தது. ஆனால் மூன்றே மாதங்களில் பட்டி பாளம் பாளமாக வெடித்து உதிர்ந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று நாங்கள் கேட்டபோது, எங்கள் அறிவியல் ஆசிரியையான சகோதரி எங்களை வேறொரு பட்டறைக்கே அழைத்துச் சென்றார். அங்கே கண்டதையும் கற்றதையும் கீழே தருகிறோம்.

முதலில் சிறிது வரலாறு காண்போம். அம்பாசிடர், பத்மினி போன்ற கார்களின் பம்பர் குரோமியம் பூசிய எஃகுத் தகடு. அது நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். 1968-இல் அமெரிக்காவின் போண்டியாக் ஜி.டி.ஓ. கார், இடித்தால் அமுங்கி மீளும் யூரித்தேன் முகப்புடன் வந்தது. 1972-இல் பிரான்சின் ரெனோ 5 கார் பிளாஸ்டிக் பம்பருடன் வந்தது. 1973-ஆம் ஆண்டு மாடல் கார்கள் மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் வேகத்தில் முன்புறம் மோதினாலும் விளக்கு முதலிய பாதுகாப்பு உறுப்புகள் பழுதடையக் கூடாது என்று அமெரிக்க அரசு விதித்தது. வளையும் பம்பர்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். நம் நாட்டில் 1983-இல் பிறந்த மாருதி 800 காரின் பிந்தைய வகைகள் பிளாஸ்டிக் பம்பரை ஊர்தோறும் கொண்டு சேர்த்தன.

பிளாஸ்டிக்கில் இரு இனம் உண்டு என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒன்று வெல்லம் போன்றது: சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். பாலிப்ரொப்பிலீன் இவ்வினம். மற்றொன்று வெந்த முட்டை போன்றது: மீண்டும் எவ்வளவு சூடாக்கினாலும் இளகாது. பழைய வெளிநாட்டுக் கார்களின் யூரித்தேன் பம்பர்கள் பெரும்பாலும் இவ்வினம். முன்னதை உருக்கி ஒட்டலாம். பின்னதை அதற்கென உள்ள இருகலவைப் பசையாலும் வலைத்துணியாலுமே ஒட்ட வேண்டும்.

நம் பம்பர் எந்த இனம்? பின்புறத்தில் அச்செழுத்து எதுவும் தென்படவில்லை. பட்டறைப் பெரியவர் கத்தியால் ஒரு சிறு சீவலை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். அது மிதந்தது! பாலிப்ரொப்பிலீன் நீரைவிட இலேசானது, யூரித்தேனோ மூழ்கும். இவ்வளவு எளிய சோதனையை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து, பம்பரைக் கழற்றி இருபுறமும் சோப்புத் தண்ணீரால் கழுவினார். மெழுகும் எண்ணெய்ப் பசையும் போக அதற்குரிய திரவத்தால் துடைத்தார். கிழிசல் மேலும் ஓடாதிருக்க, அதன் நுனியில் சிறு துளையிட்டார். முன்புறம் நாடா ஒட்டி விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, பின்புறம் பாதி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, சூட்டுக்கோலால் அதே இனப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி நிரப்பினார். துருப்பிடிக்காத கம்பி வலையொன்றையும் உள்ளே பதித்தார். அது தானாக ஆறிய பின்னரே முன்புறத்தையும் அவ்வாறே செய்தார். உப்புத்தாள் போடும்போது கை மெதுவாகச் செல்ல வேண்டும். வேகமாகத் தேய்த்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் பிசிறடிக்கும்.

இனித்தான் முக்கியமான பகுதி. பாலிப்ரொப்பிலீன் மேல் பெயிண்ட் நிற்பது தாமரை இலைத் தண்ணீர் போன்றது, பற்றாது. ஆகையால் பற்றுதலைத் தரும் ஒரு திரவத்தை முதலில் மெல்லியதாக அடிக்கிறார்கள். அதன்மேல் பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள வளையும் பட்டி. தேய்த்ததில் வெறும் பிளாஸ்டிக் தெரிந்த இடங்களில் மீண்டும் அத்திரவம். பிறகு பிரைமர், வாட்டர் பேப்பர், நிறம், மேற்பூச்சு. பிரைமரிலும் மேற்பூச்சிலும் வளைவுத் தன்மை தரும் மருந்தைத் தயாரிப்பாளர் குறித்த அளவில் கலக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்க வேண்டும். ஒன்று உலராமல் அடுத்தது கூடாது. முன்னர் பூசியது தகரத்துக்குரிய பட்டி. பம்பர் வளைந்தது, பட்டி வளையவில்லை, ஆகவே வெடித்தது. எங்கள் கேள்விக்கு விடை கிடைத்தது.

ஆனால் அங்கே எங்களை வருத்திய காட்சியும் ஒன்றுண்டு. பெயிண்ட் அடித்த இளைஞர் மூக்கில் ஒரு கைக்குட்டை மட்டுமே கட்டியிருந்தார். இருகலவைப் பெயிண்டின் கடினப்படுத்தும் திரவத்தில் ஐசோசயனேட் என்னும் பொருள் பெரும்பாலும் உண்டு. அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பின்பு மிகச் சிறிய அளவும் மூச்சைத் திணறச் செய்யும். கைக்குட்டையோ காகித முகமூடியோ அதைத் தடுக்காது. உரிய வடிகட்டியுள்ள அல்லது வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகக்கவசமும், கையுறையும், காற்றோட்டமும் தேவை. சகோதரி இதைப் பணிவாக எடுத்துச் சொன்னதும் பெரியவர் வேலையை நிறுத்தி, பெட்டியிலிருந்த கவசத்தை எடுத்து இளைஞரிடம் கொடுத்தார். “வியர்க்குது என்று இவன் போடுறதில்லை, சிஸ்டர்; நானும் கண்டிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்” என்றார்.

எங்களுள் சிலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் இத்தொழிலில் இருக்கிறார்கள். அன்று மாலை வீட்டில் இதைச் சொல்லுவது என்று நாங்கள் முடிவு செய்தோம்; சொன்னோம். இதை வாசிக்கும் தோழியரும் தம் வீட்டில் சொல்லும்படி அன்புடன் வேண்டுகிறோம்.

சகோதரியின் கார் இன்று பழையபடி ஓடுகிறது. தூக்கியெறிய இருந்த பம்பர் ஒன்று குப்பைக்குப் போகாமல் தப்பியது. பிறருக்கு அடிபடாமல் தான் அமுங்கிக் கொடுப்பதே பம்பரின் கடமை. அதைப் பழுது பார்ப்பவருக்கும் அடிபடாமல் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.