துரு போகிறது, தூசு தங்குகிறது

எவ்வளவு விலையுயர்ந்த பெயின்டும் துருவின் மேல் நிற்காது. பாலத்தின் உத்தரமோ, கப்பலின் அடிப்பகுதியோ, எண்ணெய்த் தொட்டியோ, வண்ணம் ஏறும் முன் இரும்பு அடி வாங்கியாக வேண்டும். தொழிலாளர் மொழியில் பிளாஸ்டிங். அழுத்தக் காற்றில் சீறிவரும் துகள்கள் துருவைப் பெயர்த்து, பூச்சு பற்றிக்கொள்ளச் சொரசொரப்பை உண்டாக்குகின்றன. சுத்தமான தகட்டில் சில மணி நேரத்துக்குள் முதல் பூச்சு ஏறாவிட்டால் ஈரக்காற்று துருவைத் திரும்ப அழைத்து வந்துவிடும்.

1870-ல் அமெரிக்கரான பெஞ்சமின் டில்க்மன் காப்புரிமை பெற்ற இந்த முறையின் முதல் ஆயுதம் மணல். மலிவானது, ஆபத்தானது. மோதி நொறுங்கும் மணலிலிருந்து கிளம்பும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கிவிடுகிறது. விளைவு, சிலிக்கோசிஸ். மூச்சு திணறும், காசநோய் எளிதில் பற்றும், குணப்படுத்த மருந்தில்லை. 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்தத் தூசைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது.

1949-ல் கொண்டுவந்த விதிகளால் பிரிட்டன் மணலைத் தடை செய்தது. இந்தியாவிலும் பல மாநிலங்களின் தொழிற்சாலை விதிகள் தடுத்தன. எஃகுத் துகள், கார்னெட், தாமிரக் கசடு என மாற்றுகளும் உண்டு. எஃகுத் துகளைத் திரட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்.

எதை வீசினாலும் முகத்தில் கட்டிய துண்டு போதாது. குழாய் வழியே சுத்தமான காற்று வரும் தலைக்கவசம் வேண்டும். துரு போனது அன்றே தெரியும். தூசு உள்ளே போனது தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம்.