வயலில் தண்ணீர் நின்றும் நெல் வாடுவது ஏன்?

பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பக்கத்தில், கோடையில் ஆற்று நீர் குறைந்தால் உப்புநீர் மேலேறும். கன்னிப்பூ தொடங்கும்போது அந்த நீரைப் பாய்ச்சினால், வயலில் தண்ணீர் நிற்கும்போதே நாற்று வாடும்.

காரணத்தை வீட்டிலேயே பார்க்கலாம். உருளைக்கிழங்கில் இரண்டு மெல்லிய குச்சிகள் நறுக்குங்கள். ஒன்றை நல்ல தண்ணீரிலும், மற்றதை இரண்டு ஸ்பூன் உப்பு கரைத்த ஒரு டம்ளர் தண்ணீரிலும் போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் முதல் குச்சி விறைத்திருக்கும்; உப்பில் கிடந்தது துவண்டு வளையும். செல்லின் சவ்வு தண்ணீரை விடும், உப்பை எளிதில் விடாது. உப்பு மிகுந்த பக்கம் தண்ணீர் போய்விடுகிறது. இதுதான் சவ்வூடு பரவல். உப்பிட்ட மாங்காய் நீர் விடுவதும் இப்படித்தான்.

மண்ணில் உப்பு கூடினால், வேரால் நீரை உறிஞ்ச முடியாது. இதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பது வீண்செலவு. நல்ல தண்ணீரைக் கட்டி வடிப்பதே வழி. ஜிப்சம் களர் நிலத்துக்குத்தான், உவருக்கு அல்ல. மண்ணின் மின்கடத்துதிறன் 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். நடவுக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.